பக்கம் கட்டும் கலையில் இணைப்புச் சட்டங்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

முன்னுரை

ஒரு நூலைக் கையில் எடுக்கும் நாம் அதன் பொருளைப் பார்க்கிறோம், ஆசிரியர் பெயரைப் பார்க்கிறோம், விலையையும் பார்க்கிறோம். ஆனால் அந்நூலின் பக்கங்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஒரு பக்கத்தின் கடைசி வரியில் பாதியில் நிற்கும் வாக்கியம், மறுபக்கத்தின் முதல் வரியில் பிசகின்றித் தொடர்கிறது. யாரோ ஒருவர் அதைத் தொடுத்து வைத்ததால்தான் அவ்வாறு தொடர்கிறது. அந்தத் தொடுப்பைக் கணிப்பொறியில் எவ்வாறு செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று மாதவரம் முதல் எண்ணூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் ‘டி.டி.பி.’ என்று பலகை தொங்கும் ஒரு சிறு கடையைக் காணலாம். திருமண அழைப்பிதழ், கோயில் விழா மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, பள்ளி ஆண்டு மலர் என எல்லாம் அங்கேதான் உருப்பெறுகின்றன. மாலை நேரங்களில் இத்தகைய கடைகளில் வேலை செய்து கல்லூரிச் செலவை ஈடுகட்டும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்கும், துறை மலர்களையும் முகாம் மலர்களையும் தாமே உருவாக்க விரும்பும் நண்பர்களுக்கும் இப்பாடம் பயன்படும் என நம்புகிறேன்.

ஏட்டுக் கயிறு முதல் ஈய எழுத்து வரை

எழுத்தைத் தொடுத்து வைக்கும் சிக்கல் கணிப்பொறியோடு பிறந்ததன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்தனர்; ஏட்டின் ஓரத்தில் எண்ணும் இட்டனர். கயிறு அறுந்து ஏடு சிதறினால் பொருளும் சிதறும். சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலிய பெரியோர், இடையிடையே ஏடு இல்லாமலும் முறை மாறியும் கிடந்த சுவடிகளோடு பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 400 பாடல்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. தொடர் ஓரிடத்தில் அறுந்தால் இழப்பு எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

‘நூல்’ என்னும் சொல்லே நமக்கு இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். நன்னூல் ஆசிரியர் பவணந்தியார், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் கொண்டு இதனை விளக்கியிருக்கிறார். வியப்பு என்னவெனில், இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு எழுத்தைக் கொண்டு செல்லும் செயலுக்கும் ஆங்கிலத்தில் ‘இழை கோத்தல்’ என்ற பொருளில்தான் ‘த்ரெடிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. அதன்பின் நான்கு நூற்றாண்டுகளுக்கு ஈய எழுத்தே அச்சகங்களில் ஆட்சி செய்தது. கம்பாசிட்டர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து வரியாக்குவார். வரிகளைக் கேலி என்னும் நீண்ட தட்டில் சேர்ப்பார். அதில் மெய்ப்பு எடுத்துத் திருத்திய பின் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கட்டுவார். பக்கம் கட்டிய பிறகு, ‘ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும்’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் வந்தது வினை! ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரி கூடினால், அப்பக்கத்தின் கடைசி இரண்டு வரிகளை எடுத்து ஆறாம் பக்கத்தின் தலையில் வைக்க வேண்டும். ஆறில் மிஞ்சும் இரண்டு வரிகளை ஏழில் வைக்க வேண்டும். இவ்வாறு அந்த அத்தியாயம் முடியும்வரை ஈயத்தைக் கையால் நகர்த்தியாக வேண்டும்.

கணிப்பொறி வந்தபின்

1985இல் ஆல்டஸ் நிறுவனம் ‘பேஜ்மேக்கர்’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. மேசைமேல் வைத்த ஒரு கணிப்பொறியும் ஒரு லேசர் அச்சுப்பொறியும் இருந்தால் பக்கம் கட்டலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. 1987இல் ‘குவார்க் எக்ஸ்பிரஸ்’ வந்தது. 1994இல் ஆல்டஸ் நிறுவனத்தை அடோபி நிறுவனம் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1999இல் ‘இன்டிசைன்’ என்ற புதிய மென்பொருளையும் வெளியிட்டது. இவற்றுக்கு ஒரு புறமாக, பிரான்ஸ் ஷ்மிட் என்பவர் தொடங்கி வைத்த ‘ஸ்கிரைபஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருள் 2003இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. இன்டிசைனுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஸ்கிரைபசுக்கு ஒரு காசும் வேண்டியதில்லை. எனவே நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஸ்கிரைபஸ் ஏற்றது எனலாம்.

பேஜ்மேக்கர் காலத்திலிருந்தே எழுத்தைப் பக்கத்துக்குப் பக்கம் தொடரவிடும் வசதி உண்டு. ஆயினும் பல இடங்களில் இன்றும் பக்கத்துக்கு ஒரு பெட்டி வரைந்து, எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும் பழக்கமே நிலவுகிறது. கணிப்பொறியை வைத்துக்கொண்டு ஈயத்தை நகர்த்தும் வேலையைச் செய்வதற்கு ஒப்பாகும் இது.

சட்டமும் உரையும்

சுவரில் மாட்டும் படத்துக்குச் சட்டம் இருப்பது போலப் பக்கத்தில் எழுத்து நிற்பதற்கும் ஒரு சட்டம் வேண்டும். இதனைக் கடைகளில் ‘டெக்ஸ்ட் ஃபிரேம்’ என்றோ ‘பாக்ஸ்’ என்றோ சொல்கிறார்கள். அச்சட்டத்துக்குள் நிரம்பும் எழுத்தை அச்சகத்தார் ‘மேட்டர்’ என்பர். இக்கட்டுரையில் அதனை உரை என்று குறிப்பிடுவோம்.

இங்கே மனத்தில் கொள்ள வேண்டிய அடிப்படை உண்மை ஒன்றே. உரை வேறு, சட்டம் வேறு. சட்டம் வெறும் பாத்திரம்; உரை அதில் நிரம்பும் நீர். இதனை நம் பகுதி ஏரிகளைக் கொண்டே விளக்கலாம். கொசத்தலை ஆற்று நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டுச் சோழவரம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து கால்வாய் வழியாகப் புழல் ஏரியை அடைகிறது. சோழவரத்தின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. இரண்டின் அளவும் வேறு, வடிவும் வேறு. ஆயினும் கால்வாய் இருப்பதால் ஒரே நீர் இரண்டிலும் நிற்கிறது.

இணைப்புச் சட்டங்களும் இவ்வாறே. முதற்சட்டம் நிரம்பியதும் உரை இரண்டாம் சட்டத்துக்குப் பாய்கிறது; அதுவும் நிரம்பினால் மூன்றாவதற்குப் பாய்கிறது. முதற்சட்டத்தைச் சிறியதாக்கினால் அடுத்த சட்டங்களுக்குக் கூடுதலாக எழுத்து போகும். பெரியதாக்கினால் அவற்றிலிருந்து எழுத்து திரும்பி வரும். திரும்பி வருவது மட்டும் ஏரி நீரால் இயலாத காரியம்!

சட்டங்கள் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாளிதழின் முதற்பக்கச் செய்தி ‘தொடர்ச்சி 7ஆம் பக்கம்’ என்று முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முதற்பக்கத்துச் சட்டமும் ஏழாம் பக்கத்துச் சட்டமும் இணைக்கப்பட்டிருக்கலாம். இடையிலுள்ள ஐந்து பக்கங்களோடு அத்தொடருக்கு உறவில்லை.

ஸ்கிரைபசில் இணைக்கும் முறை

இனிச் செயல்முறையைக் காண்போம். நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம்.

1. புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, ஏ4 தாள் அளவையும் ஓர இடைவெளிகளையும் குறித்து, நான்கு பக்கங்கள் வேண்டும் எனக் கொடுக்கவும்.

2. ‘இன்சர்ட்’ பட்டியலில் எழுத்துச் சட்டத்தைத் தேர்ந்து, முதற்பக்கத்தில் சுட்டியை இழுத்து ஒரு சட்டம் வரையவும். ஏனைய மூன்று பக்கங்களிலும் அவ்வாறே வரையவும். நான்கும் இப்போது வெறுமையாக இருக்கட்டும். இரண்டாம் சட்டத்தில் முன்பே எழுத்து இருந்தால் குழப்பம் நேரும். ஆதலின் முதலில் இணைப்பு, பிறகே எழுத்து என்பதை வழக்கமாகக் கொள்வது நலம்.

3. முதற்சட்டத்தைச் சொடுக்கித் தேர்ந்துகொண்டு, விசைப்பலகையில் ‘லிங்க் டெக்ஸ்ட் ஃபிரேம்ஸ்’ கட்டளைக்குரிய ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தவும். மேலே உள்ள கருவிப்பட்டையிலும் இதற்கான பொத்தான் உண்டு. பின்னர் இரண்டாம் சட்டத்தையும், மூன்றையும், நான்கையும் வரிசையாகச் சொடுக்கவும். எந்த வரிசையில் சொடுக்குகிறோமோ அந்த வரிசையில்தான் உரை பாயும். முடிந்ததும் ‘எஸ்கேப்’ விசையை அழுத்தவும்.

4. ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ டெக்ஸ்ட் செயின்’ என்பதைத் தேர்ந்தால் சட்டத்திலிருந்து சட்டத்துக்கு அம்புக்குறி தோன்றும். அம்பு போகும் திசையே உரை போகும் திசை. இது திரையில் மட்டும் தெரியும், அச்சில் வராது.

5. முதற்சட்டத்தைத் தேர்ந்து, தட்டச்சு செய்து வைத்துள்ள கோப்பிலிருந்து உரையை உள்ளே கொண்டுவரவும். நான்கு சட்டங்களும் வரிசையாக நிரம்புவதைக் கண்ணாரக் காணலாம்.

6. திருத்தம் வேண்டுமெனில் ‘ஸ்டோரி எடிட்டர்’ என்னும் சாளரத்தைத் திறக்கலாம். தொடர் முழுவதிலும் உள்ள உரை அங்கே பக்கப் பிரிவின்றி ஒரே ஓட்டமாகத் தெரியும்.

இணைப்பை நீக்க வேண்டுமானால் சட்டத்தைத் தேர்ந்து ‘யு’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் போதும். தொடரின் நடுவிலுள்ள ஒரு சட்டத்தை அழித்துவிட்டாலும் அதிலிருந்த உரை அழியாது. அடுத்த சட்டத்துக்குத் தள்ளப்படும். சட்டம் வேறு, உரை வேறு என்று மேலே சொன்னதன் பயன் இங்கே விளங்கும்.

நாற்பது, ஐம்பது பக்க மலர் என்றால் ஒவ்வொன்றாக வரைவது வீண் உழைப்பு. புதிய ஆவணம் திறக்கும்போதே ‘ஆட்டோமேடிக் டெக்ஸ்ட் ஃபிரேம்ஸ்’ என்ற கட்டத்தைக் குறியிட்டால், பக்கந்தோறும் சட்டம் தானே அமைந்து ஒன்றோடொன்று இணைந்தும் நிற்கும்.

இன்டிசைனில் கருத்து ஒன்றே. கைமுறை சற்று வேறு. ஒவ்வொரு சட்டத்திலும் இடப்புற மேல் மூலைக்கு அருகில் ஒரு நுழைவாயும், வலப்புறக் கீழ் மூலைக்கு அருகில் ஒரு வெளிவாயும் சிறு கட்டங்களாக இருக்கும். வெளிவாயைச் சொடுக்கினால் சுட்டி எழுத்தைச் சுமந்த வடிவம் பெறும். அதை எடுத்துச் சென்று அடுத்த சட்டத்தின் மீது சொடுக்கினால் இணைப்பு முடிந்தது. ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால், உரை தீரும்வரை வேண்டிய பக்கங்களும் சட்டங்களும் தாமே உண்டாகும். ‘தொடர்ச்சி இன்ன பக்கம்’ என்ற குறிப்புக்கும் அதில் வழி உண்டு. ‘நெக்ஸ்ட் பேஜ் நம்பர்’ என்னும் குறியை இட்டால், உரை எந்தப் பக்கத்தில் தொடர்கிறதோ அந்த எண் தானே வரும். அக்குறிப்பைத் தனியான ஒரு சிறு சட்டத்தில் எழுதி, கட்டுரைச் சட்டத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். கட்டுரையின் உள்ளேயே எழுதினால், திருத்தத்தின்போது உரையோடு சேர்ந்து குறிப்பும் நகர்ந்து வேறிடம் போய்விடும்.

ஒரு சிறு கணக்கு

இணைப்பால் எவ்வளவு உழைப்பு மிஞ்சுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 1,800 சொற்கள் கொண்ட கட்டுரை. ஒரு சட்டத்துக்கு 300 சொற்கள் வீதம் 6 சட்டங்கள். எல்லாம் நிரம்பியிருக்கின்றன. இப்போது இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் சேர்க்க வேண்டும். படம் 100 சொற்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

சட்டங்கள் தனித்தனியாக இருந்தால், இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து ஆறுக்கு, ஆறிலிருந்து புதிய ஏழாம் சட்டத்துக்கு என 5 முறை 100 சொற்களை வெட்டி ஒட்ட வேண்டும். பக்கங்கள் 40 ஆனால் இவ்வேலை 39 முறை. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு வரி விடுபடவோ இருமுறை வரவோ வாய்ப்புண்டு. ஆசிரியர் படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் பின்னோக்கிச் செய்ய வேண்டும்! சட்டங்கள் இணைந்திருந்தாலோ செய்ய வேண்டியது ஒன்றே: கடைசியில் ஒரு புதிய சட்டத்தைச் சேர்ப்பது. மற்றவை கண் இமைக்கும் நேரத்தில் தாமே நடந்துவிடும்.

வழியும் எழுத்து

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. மேற்கண்ட கணக்கில் ஏழாம் சட்டத்தைச் சேர்க்க மறந்துவிட்டால் அந்த 100 சொற்கள் எங்கே போகும்? புழல் நிரம்பினால் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலை அடைகிறது. வழியில் இருப்பவர்கள் அதைக் காண்கிறார்கள். முன்கூட்டியே எச்சரிக்கையும் விடப்படுகிறது. கணிப்பொறியில் வழிந்த எழுத்தோ யார் கண்ணிலும் படாது. கோப்பில் அது பத்திரமாக இருக்கும், பக்கத்தில் இராது, அச்சிலும் வராது.

மென்பொருள் ஒரு சிறு அடையாளம் மட்டும் காட்டும். ஸ்கிரைபசில் கடைசிச் சட்டத்தின் வலப்புறக் கீழ் மூலையில் பெருக்கற்குறி இட்ட சிறு கட்டம் தோன்றும். இன்டிசைனில் வெளிவாயில் சிவப்புக் கூட்டற்குறி தோன்றும். அவசரத்தில் இதைக் கவனியாது விடுவது எளிது. வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடியும் இடத்தில் உரை அறுபட்டிருந்தால், மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஐயம் எழாது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கல்வி உதவித்தொகை பற்றிய சுற்றறிக்கை ஒன்றில் கடைசி இரண்டு வரிகள் வழிந்து மறைந்தன என்று வைத்துக்கொள்வோம். இணைக்க வேண்டிய சான்றிதழ்களின் பெயரும் விண்ணப்பிக்கக் கடைசி நாளும் பெரும்பாலும் அவ்வரிகளில்தான் இருக்கும். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் மாணவன் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவனுக்கு அந்தத் தாளே வழிகாட்டி. தாளில் இல்லாதது அவனுக்கு இல்லாததே. மணலி, எண்ணூர்ப் பகுதி ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கையேட்டில், வாயுக் கசிவு நேர்ந்தால் எத்திசையில் ஓட வேண்டும் என்ற கடைசி வரி மறைந்தால் நேரக்கூடியதை நான் சொல்லவும் வேண்டுமோ?

எனவே அச்சுக்கு அனுப்புமுன் மூன்று சோதனைகள் கட்டாயம் செய்யப்பட வேண்டும். முதலாவது, ஒவ்வொரு தொடரின் கடைசிச் சட்டத்துக்கும் சென்று மூலையைப் பார்ப்பது. இரண்டாவது, மென்பொருளிலுள்ள ‘ப்ரீஃப்ளைட்’ சோதனையை ஓட்டுவது. வழிந்த உரை எங்கிருந்தாலும் அது பட்டியலிட்டுக் காட்டும். மூன்றாவது, மூலப்படியின் கடைசி வாக்கியமும் பி.டி.எஃப். கோப்பின் கடைசி வாக்கியமும் ஒன்றா என ஒப்பிட்டுப் பார்ப்பது. இம்மூன்றாவது சோதனைக்குக் கருவி ஏதும் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

தமிழுக்கு வேண்டிய கவனம்

தமிழில் பக்கம் கட்டுவோர் வேறு சிலவற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. எழுத்துருவை மாற்றினால் உரை முழுவதும் புரியாத குறிகளாக மாறிவிடும். இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களையும், 2010இல் யூனிகோடையும் அறிவித்தது. ஆதலால் உரையை யூனிகோடில் தட்டச்சு செய்வதே முறை. அப்போதுதான் சட்டம் விட்டுச் சட்டம் மட்டுமன்றி, மென்பொருள் விட்டு மென்பொருள் போனாலும் உரை சிதையாது.

இன்டிசைனில் 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பு முதல் இந்திய மொழிகளுக்கு இடம் உண்டு. ஆயினும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லையேல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஸ்கிரைபசில் 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பு முதல் தமிழ் எழுத்துகள் முறையாக அமைகின்றன. 2024இல் வெளிவந்த 1.6 பதிப்பைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘கொண்டிருக்கவேண்டியிருந்தது’ போன்ற சொல் ஒன்று வந்தால், குறுகிய பத்தியில் அது முழுதாக அடுத்த வரிக்குத் தாவும்; முந்திய வரியில் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். எனவே ஏ4 தாளில் மூன்று பத்தி வைப்பதைவிட இரண்டு பத்தி வைப்பதே தமிழுக்கு அழகு.

ஒரு பகுதியை அடுத்த சட்டத்தில் தொடங்க வேண்டுமானால் ‘என்டர்’ விசையைப் பத்து முறை தட்டி உரையைக் கீழே தள்ளுவோர் உண்டு. பின்னால் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ அந்தப் பத்து வெற்று வரிகளும் நகர்ந்து வந்து நடுப்பக்கத்தில் ஓட்டை போடும். ‘ஃபிரேம் பிரேக்’ என்னும் குறியை இட்டால் இத்தொல்லை இல்லை.

எதை இணைப்பது, எதை இணைக்காமல் விடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு தொடர் என்பதே விதி. மலரிலுள்ள 30 கட்டுரைகளையும் ஒரே தொடராகக் கோத்தால், முதற்கட்டுரையில் ஒரு பத்தி கூடினாலும் முப்பதாவது கட்டுரை வரை எல்லாம் ஆட்டம் காணும். படக் குறிப்பு, விளம்பரம், பெட்டிச் செய்தி ஆகியன தத்தம் இடத்திலேயே நிற்க வேண்டியவை; அவற்றுக்குத் தனிச் சட்டமே தகும்.

முடிவுரை

கல்லூரி மலரில் தன் பெயரோடு ஒரு கட்டுரை வருவது சிலருக்குச் சிறிய செய்தியாக இருக்கலாம். தாய் தந்தையர் கைநாட்டு வைக்கும் வீட்டில், அந்த மலர் பெட்டியில் வைத்துப் போற்றப்படும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தங்கையோ தம்பியோ அதை உரக்கப் படிக்க, வீடே கேட்கும். அப்படிப்பட்ட கட்டுரையின் கடைசிப் பத்தி, ஒரு சட்டத்தின் மூலையில் யாரும் காணாமல் நின்றுபோகலாமா? பிறர் எழுதியதைக் கையில் வாங்கிப் பக்கமாக்குபவர், அதன் கடைசி எழுத்து வரை காக்கும் பொறுப்பையும் ஏற்கிறார்.

பனையோலைக் காலத்தில் கயிறு அறுந்து போன பாடல்களை நாம் மீட்க முடியாது. நம் காலத்து எழுத்தை இழக்காமல் காப்பதற்குரிய வழியோ ஓர் இணைப்பும் ஒரு சோதனையுமாக மிக எளிதாக இருக்கிறது. மாணவ நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் ஸ்கிரைபசைக் கணிப்பொறியில் ஏற்றி, நான்கு சட்டம் வரைந்து, இணைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு மலரின் பக்கங்களை நம் மாணவர்களே கட்டட்டும்!